மல்டிமீட்டர் ஒன்று போதுமே!

குட்டீஸ், அறிவியல் கண்காட்சிக்காக ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒரு குட்டி மின்விசிறி செய்கிறீர்கள். காலையில் பார்த்தால் சுற்றவில்லை! ஒயரை எல்லாம் பிரித்து மறுபடி மாட்டுகிறீர்கள். அப்போதும் சுற்றவில்லை. கோளாறு ஒயரில் இல்லையே, தீர்ந்துபோன பேட்டரியில் அல்லவா இருக்கிறது!

இதைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். வீடியோவில் பார்த்துவிட்டு, "ஆசிலாஸ்கோப் வாங்கிக் கொடுங்க" என்று அப்பாவிடம் அடம் பிடிக்காதீர்கள். மின்னழுத்தம் ஏறி இறங்குவதைக் கோடாக வரைந்து காட்டும் கருவி அது. நல்லதாக வாங்க ஆயிரக்கணக்கில் செலவாகும். நொடிக்கு ஒரு முறை கண் சிமிட்டும் எல்.இ.டி.யைப் பார்க்க அது எதற்கு? நம் கண்ணே போதுமே!

சென்னை ரிச்சி தெரு போன்ற எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் 'டிடி830டி' வகை மீட்டர் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். 'பீப்' ஒலி எழுப்பும் மாடலா என்று கேளுங்கள். ஒயர் அறுந்திருக்கிறதா என்று பார்க்க அது ரொம்ப வசதி. கடையிலேயே குமிழை 200 ஓம்ஸில் வைத்து, இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்து ஒயரை ஆட்டிப் பாருங்கள். எண் பூஜ்யத்துக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். தாறுமாறாகக் குதித்தால் வேறு கேளுங்கள். மலிவு மீட்டரில் முதலில் கெடுவது ஒயர்தான்.

பேட்டரியைச் சோதிக்க டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள். புது செல் 1.5 வோல்ட்டோ கொஞ்சம் கூடுதலாகவோ காட்டும். மோட்டாரை மாட்டியபடியே அளந்து பாருங்கள். சும்மா இருக்கும்போது 1.4 காட்டிய பழைய செல், மோட்டாரை மாட்டியதும் படுத்துவிடும். திருடன் அகப்பட்டான்!

ஆனால், வீட்டுச் சுவரில் உள்ள பிளக்கில் மட்டும் இதைச் செருகவே கூடாது. அங்கே இருப்பது 230 வோல்ட். மீட்டரில் 750 வோல்ட் என்று அச்சடித்திருக்கலாம், அதை நம்பாதீர்கள். இந்த விலைக்கு உள்ளே பாதுகாப்பு குறைவாகத்தான் வைத்திருப்பார்கள். 10 ஆம்பியர் ஓட்டைக்குப் பெரும்பாலும் ஃபியூஸே கிடையாது. சிவப்பு ஒயர் அதில் இருப்பதை மறந்து பிளக்கைத் தொட்டால் தீப்பொறி பறக்கும், உயிருக்கே ஆபத்து. அந்த வேலை எலக்ட்ரீஷியன் மாமாவுடையது.

வேலை முடிந்ததும் குமிழை 'ஆஃப்'க்குத் திருப்புங்கள். இது தானாக அணையாது. உள்ளே இருக்கும் 9 வோல்ட் பேட்டரி இறங்கிவிட்டால் மீட்டரே பொய் சொல்லும். 1.5 வோல்ட் செல்லை 1.9 என்று காட்டினால் செல்லைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள், மீட்டரின் பேட்டரியை மாற்றுங்கள்!