கார்மியின் காயமும் மார்கஸின் டோனட்டும்

'தி பேர்' முதல் சீசனின் ஏழாவது எபிசோடைப் பார்த்த யாரைக் கேட்டாலும் அந்த நீளமான ஒற்றை ஷாட்டைப் பற்றித்தான் பேசுவார்கள். சிகாகோவில் ஒரு சாண்ட்விச் கடை. ஆன்லைனில் முன்கூட்டியே ஆர்டர் வாங்கும் வசதியை சிட்னி அணைக்காமல் விட்டுவிட, கடை திறப்பதற்குள்ளேயே பிரின்டர் ஆர்டர் சீட்டுகளைத் துப்பிக்கொண்டே இருக்கிறது. கார்மி கத்த ஆரம்பிக்கிறான். அந்த நேரம் பார்த்து மார்கஸ், திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து ஒருவழியாகச் சரியாக வந்த டோனட்டைக் கொண்டுவந்து நீட்டுகிறான். கார்மி அதைத் தரையில் அடிக்கிறான். மார்கஸ் கிளம்பிப் போய்விடுகிறான், சிட்னியும் போய்விடுகிறாள். அதன்பிறகு கார்மி கீழே கிடக்கும் டோனட் துண்டை எடுத்து வாயில் போட்டுப் பார்க்கிறான்.

இங்கேதான் நம்ம ஆட்கள் உருகிவிடுகிறார்கள். "பாவம்டா, அண்ணன் தற்கொலை பண்ணிக்கிட்டான், அம்மா அப்படி, நியூயார்க்ல அந்த செஃப் அவனை என்ன பாடு படுத்தினான் தெரியுமா?" தெரியும். நானும் எல்லா சீசனையும் பார்த்தவன்தான். ஆனால் தரையில் கிடந்தது மார்கஸின் டோனட்.

கார்மியின் காயம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. 2022இல் தொடங்கிய இந்தத் தொடர் அதைக் காட்டிய அளவுக்கு நுணுக்கமாக வேறு தொடர் எதுவும் சமீபத்தில் காட்டியதாக எனக்குத் தோன்றவில்லை. இரண்டாம் சீசனின் அந்தக் கிறிஸ்துமஸ் இரவை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா டோனா ஏழு வகை மீன் சமைக்கிறாள். டைமர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அலறுகின்றன. கையில் சிகரெட்டும் ஒயினும். மகள் "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்டாலே வெடிக்கிறாள். கடைசியில் காரை வீட்டுச் சுவருக்குள்ளேயே ஓட்டிக்கொண்டு வந்துவிடுகிறாள். இதைப் பார்த்தபிறகு கார்மி ஏன் சமையலறையைத் தொழிலாக எடுத்துக்கொண்டான் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அவனுக்கு வீடு என்றால் அடுப்பு, சத்தம், இப்போ எது வெடிக்கும் என்கிற பயம். பெரிய உணவகங்களில் அதே பயத்துக்கு அவனுக்குச் சம்பளமும் விருதும் கிடைத்தன. எதிலும் ஆபத்தை எதிர்பார்த்து விறைத்துக்கொண்டிருக்கும் உடம்பு, திடீர்க் கோபம், தூக்கமின்மை எல்லாம் உளக்காயத்தின் அறிகுறிகளாகப் பாடப்புத்தகத்தில் இருப்பவை. (ட்ராமா என்று எழுதலாம்தான். தமிழில் அது டிராமாவோடு ஒட்டிக்கொள்கிறது. சில சமயம் அது பொருத்தமாகவும் இருக்கிறது.)

சரி, இந்த அறிகுறி யார் மேல் பாய்கிறது? அதைக் கொஞ்சம் கவனியுங்கள். கார்மியை உண்மையில் உடைத்தவர்கள் இரண்டு பேர். அந்தக் கிறிஸ்துமஸ் இரவில் அம்மாவைப் பார்த்து அவன் கத்தவில்லை, சுற்றிச் சுற்றி வந்து உதவுகிறான். நான்காம் சீசனில் அவள் மன்னிப்புக் கேட்கும்போது அவளுக்குச் சமைத்துப் போடுகிறான். நியூயார்க் செஃப் டேவிட் ஃபீல்ட்ஸ் காதோரம் வந்து நின்று அவமானப்படுத்தியபோது "யெஸ் செஃப்" என்றான். பல வருடம் கழித்து மூன்றாம் சீசன் இறுதியில் அவரை நேரில் பார்த்துக் கேட்கும்போதும் அவன் ஆடிப்போய் நிற்கிறானே ஒழிய, சிட்னியிடம் கத்திய மாதிரி கத்தவில்லை. கட்டுப்படுத்தவே முடியாத கோபம் என்கிறோம். அதுக்கு யார் மேலே, யார் கீழே என்பது மட்டும் நல்லா தெரிஞ்சிருக்கு.

இதற்குப் பெயர் காயம் மட்டும் அல்ல, பதவியும்தான். சமையலறையில் 'பிரிகேட்' என்ற அடுக்குமுறையை ஒழுங்குபடுத்தியவர் பிரெஞ்சு செஃப் எஸ்காஃபியே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில். ராணுவத்தில் சமைத்தவர். கார்மி முதல் சீசனிலேயே இந்த முறையைக் கொண்டுவரச் சொல்லி சிட்னியிடம் ஒப்படைக்கிறான். எல்லாரும் எல்லாரையும் 'செஃப்' என்று கூப்பிட வேண்டும், சமமாம். கூப்பிடுவது சமம்தான். ஆனால் பிரின்டர் கக்கும்போது யார் குரல் உயரலாம் என்பதில் எந்தச் சமமும் இல்லை.

இந்தத் தொடரில் காயம் இல்லாத ஆள் யார்? சிட்னி சின்ன வயதிலேயே அம்மாவை இழந்தவள், சொந்தமாகத் தொடங்கிய கேட்டரிங் தொழிலைத் தொலைத்தவள். டீனா பல வருட வேலை போய், நடுவயதில் தெருத்தெருவாக வேலை தேடி அலைந்து, அந்தக் கடையில் வந்து உட்கார்ந்து அழுதவள். ரிச்சிக்கு மணமுறிவு, உயிர் நண்பன் சாவு. அந்த நண்பன்தான் கார்மியின் அண்ணன், அதாவது அதே சாவு. மார்கஸின் அம்மா புது உணவகத்தின் முதல் இரவிலேயே இறந்துபோகிறார். இவர்களில் ரிச்சியைத் தவிர யாரும் வலியைச் சக ஊழியர் மேல் இப்படிக் கொட்டுவதில்லை. ரிச்சியும்கூட வேறொரு உணவகத்தில் ஒரு வாரம் முள்கரண்டி துடைத்து, அங்கே மதிப்போடு நடத்தப்பட்டபிறகு மாறிவிடுகிறான். அந்த எபிசோடைப் புல்லரிக்கப் பார்த்தோம். ஆனால் அது கார்மியைப் பற்றி என்ன சொல்கிறது என்று கேட்க மறந்துவிட்டோம்.

நம்மிடம் ஒரு பழைய சொலவடை உண்டு: கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும். தாத்தாவுக்கு, ஹெட்மாஸ்டருக்கு, முதலாளிக்கு எல்லாம் இதைச் சொல்லித்தான் ரொம்ப நாள் விடுமுறை கொடுத்துக்கொண்டிருந்தோம். அதைக் கேட்டால் நம் தலைமுறைக்குச் சிரிப்பு வரும். ஆனால் அதையே உளவியல் சொல்லில் சொன்னால் ரீல்ஸாகப் போட்டு மெல்லிய பியானோ இசையைச் சேர்த்துவிடுகிறோம். "அவர் நல்லவருதாம்பா, சட்டுனு கோபம் வரும்" என்பது "அவருக்கு நிறைய அன்ரிசால்வ்டு விஷயங்கள் இருக்கு" என்று மாறியிருக்கிறது. வாங்கிக் கட்டிக்கொள்பவர் அதேபோல நின்றுகொண்டிருக்கிறார்.

இதில் இன்னொரு வேடிக்கை, டேவிட் ஃபீல்ட்ஸின் பதில். உன்னால் எனக்கு வயிற்றுப்புண், கெட்ட கனவு என்று கார்மி சொல்ல, சுமாரான செஃப்பாக வந்தாய், பிரமாதமான செஃப்பாகப் போனாய் என்கிற பொருளில் பதில் சொல்லிவிட்டு நகர்கிறார் அவர். கேட்கும்போது நமக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் 'கத்தினாலும் கார்மியாலதான் இந்தக் கடை இவ்ளோ தூரம் வந்துச்சு' என்று நாம் சொல்வதும் அதே வாதம்தானே? ஃபீல்ட்ஸுக்கும் ஒரு டோனா இருந்திருக்கலாம். தொடர் அவருக்கு ஃபிளாஷ்பேக் தரவில்லை, அதனால் வில்லன். கார்மிக்குத் தருகிறது, அதனால் நாயகன். மூன்றாம் சீசன் முதல் எபிசோட் பெரும்பாலும் அவன் நினைவுகளின் ஓட்டம்தான். டீனாவுக்கு அப்படி ஒரு முழு எபிசோட் கிடைக்க அதே சீசனின் பாதி ஆகிறது.

"அப்போ காயப்பட்டவன் வேலைக்கே வரக்கூடாதா?" என்று ஒருவர் கேட்கக்கூடும். வரலாம், வரட்டும். தன் காயத்தைத் தெரிந்துகொண்டவன் தானாக ஒரு காரியம் செய்யலாம், அதிகாரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். கார்மி மூன்றாம் சீசனில் செய்தது நேர் எதிர். இரவோடிரவாக ஒரு நிபந்தனைப் பட்டியல் எழுதிக்கொண்டு வருகிறான், தினமும் மெனு மாறும் என்கிறான். கூட்டாளியாக வரவேண்டிய சிட்னியை அதற்கு முன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதல் சீசன் இறுதியில், குடிநோயாளிகளின் குடும்பத்தினர் கூடும் கூட்டத்தில் ஏழு நிமிடம் போல மனம்விட்டுப் பேசியவன் இவன்தான். தன்னைப் பற்றி அவனுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. நான்காம் சீசன் முடிவில்தான், நான் விலகிக்கொள்கிறேன் என்கிறான். அதையும் சிட்னியிடம் கேட்காமல் முதலில் தானே முடிவு பண்ணிவிடுகிறான். அவள் கோபப்படுகிறாள்.

மூன்றாம் சீசனில் மார்கஸ் தன் அம்மாவின் இறுதிச் சடங்கில் எழுந்து நின்று பேசுகிறான், நிதானமாக, யார் மனதும் புண்படாமல். பிறகு வேலைக்கு வருகிறான். அந்தச் சமையலறையில் கார்மி புதிய பட்டியலோடு காத்திருக்கிறான்.