அரண்மனை வாசலில் தொடங்கும் நடைகள்

போன தை மாதம் போடியில் ஒரு மரபு நடைக்குப் போனேன். நான் பிறந்து வளர்ந்த ஊரை நானே காசு கட்டிச் சுற்றிப் பார்த்தேன். காலை ஏழு மணிக்கு அரண்மனை வாசலில் முப்பது பேர் கூடினோம். வழிநடத்தியவர் நன்றாகவே பேசினார். பாளையம், ஜமீன், லட்சுமி விலாசத்துச் சுவர்களில் இருக்கும் ராமாயண ஓவியங்கள், சுப்பிரமணிய சுவாமி கோயில், கடைசியாகப் பரமசிவன் மலை. பத்தரைக்கு எல்லாம் முடிந்தது. இட்லி, குரூப் போட்டோ, அவ்வளவுதான்.

நடுவில் ஒரு ஏலக்காய்க் குடோனைத் தாண்டினோம். "வாசம் வருதா? இதுதான் ஏலக்காய் நகரம்" என்றார் வழிநடத்தியவர். எல்லோரும் மூச்சை இழுத்துப் பார்த்துச் சிரித்துவிட்டு நகர்ந்தார்கள். அந்தக் கதவுக்குப் பின்னால்தான் என் அம்மாச்சி இருபது வருஷம் காய் பொறுக்கினாள்.

சாயங்காலம் அவளிடம் சொன்னேன். "அரமணையப் பாக்கவாடா காசு குடுத்த? நாங்க பொறந்ததுல இருந்து அதத்தான பாத்துக்கிட்டு இருக்கோம்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "எங்கள யாராச்சும் கேட்டாகளா?" என்றாள்.

கேட்கவில்லை. என் சண்டையே அதுதான். நம் ஊர்களில் நடக்கும் மரபு நடைகளில் பெரும்பாலானவை சொத்து வைத்திருந்தவர்களின் கட்டடங்களை வரிசையாகக் காட்டிவிட்டு, அதற்கு ஊர் வரலாறு என்று பெயர் வைக்கின்றன. ஜமீன்தாரி முறையை 1948ஆம் வருடச் சட்டம் ஒழித்தது. நடைகளில் மட்டும் அது இன்னும் ஒழியவில்லை.

அரண்மனையை இடித்துத் தள்ளு என்று நான் சொல்லவில்லை. அந்த ஓவியங்கள் காப்பாற்றப்பட வேண்டியவை. ஆனால் போடி ஒரு சந்தை ஊர். சந்தை ஊரின் வரலாறு சரக்கில் இருக்கிறது. சரக்கு எங்கிருந்து வந்தது, யார் சுமந்தார்கள், யார் விலை வைத்தார்கள், யாருக்குக் கூலி மிஞ்சியது என்பதில் இருக்கிறது.

ஒரு ஏலக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். மலையில் பறிக்கும் பச்சைக்காய் ஐந்து கிலோவை ஸ்டோரில் உலர்த்தினால் ஏறக்குறைய ஒரு கிலோதான் தேறும். அது போடிக்கு வந்ததும் பெண்கள் உட்கார்ந்து நிறம் பார்க்கிறார்கள், பருமன் பார்க்கிறார்கள், வெடித்ததையும் வெளுத்ததையும் தள்ளுகிறார்கள். எட்டு மில்லிமீட்டருக்கு மேலே இருக்கும் பச்சை நிறக் காய்க்கு ஒரு விலை, சிறுத்ததற்கு வேறு விலை. முன்பெல்லாம் ஏலம் கூவி நடந்தது. 2007இல் இ-ஏலம் வந்தது. இப்போது வியாபாரிகள் கணினி முன்னால் உட்கார்ந்து பட்டனை அழுத்துகிறார்கள். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டபோது டிவியில் எல்லாம் செய்தி. பொறுக்கியவளுக்கு அன்றைக்கு என்ன கூலி என்று எந்தச் செய்தியும் சொல்லவில்லை. நடையும் சொல்வதில்லை.

அடுத்தது ஜீப். விடியுமுன்னே போடியிலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் தூக்குவாளியோடு பெண்கள் ஜீப்பில் ஏறுகிறார்கள். ஏற்ற வேண்டிய அளவுக்கு மேலே ஆளை அடைத்துக்கொண்டு ஜீப் போடிமெட்டு வளைவுகளில் ஏறுகிறது. மேலே கேரளம். 1956இல் மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தபோது தேவிகுளமும் பீருமேடும் கேரளத்துக்குப் போயின. அந்தப் பிரிவினையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். அந்த எல்லையைத் தினமும் இரண்டு தடவை தாண்டும் பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கிறோமா?

"பெரிய கட்டடம் இருந்தாத்தான் சார் கூட்டம் வரும்" என்று ஓர் ஏற்பாட்டாளர் என்னிடம் சொன்னார். இல்லை என்பதற்கு மதுரையே சாட்சி. யானைமலையைச் சிற்ப நகரமாக்கப் போவதாகப் பேச்சு வந்து, ஊர் மக்கள் எதிர்த்து நின்ற காலம். அந்தச் சூட்டில்தான் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணனும் நண்பர்களும் 2010இல் பசுமை நடையைத் தொடங்கினார்கள். அவர்கள் பெரும்பாலும் போனது வெறும் பாறைக்கும் சமணப் படுக்கைக்கும்தான். குழந்தை குட்டிகளோடு நூற்றுக்கணக்கில் ஆட்கள் வந்தார்கள். அந்த நடைக்கு ஒரு காரணம் இருந்தது: மலை போய்விடும் என்ற பயம்.

போடியில் போய்க்கொண்டிருப்பது என்ன? மூணாறுத் தேயிலையின் பாதை. 1902இல் மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி, 1908இல் ரயில், இரண்டும் டாப் ஸ்டேஷன் வரை தேயிலையைக் கொண்டுவந்தன. அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகத் தூத்துக்குடிக்குப் போய்க் கப்பலேறியது. 1924 வெள்ளம் மேலே இருந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. நாலு வருஷம் கழித்து, 1928இல், மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. மீட்டர் கேஜ் பாதையை அகலப்படுத்த 2010 கடைசியில் மூடினார்கள். மறுபடி ரயில் போடிக்கு வர 2023 ஜூன் ஆனது. பழைய ரயிலில் மூட்டை ஏற்றியவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்கிறார்கள். சுவர் இன்னும் நூறு வருஷம் நிற்கலாம், அவர்கள் நிற்க மாட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2018 மார்ச் 11ஆம் தேதி குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேற வந்த 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களை நான் குற்றம் சொல்லவில்லை. நம்பி வந்த பிள்ளைகள். ஆனால் அந்த மலையைக் காட்சியாக மட்டும் விற்ற ஒரு பழக்கம் இருக்கிறதே, அதைத்தான் குற்றம் சொல்கிறேன். மாசி பங்குனியில் காய்ந்த போதைப்புல்லுக்குள் எப்படி நடக்கணும், எப்ப நடக்கக் கூடாது என்பது மலையில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். தீப்பிடித்தபோது முதலில் ஓடியவர்களும் அவர்கள்தான். ஓர் இடத்தை அங்கே வேலை செய்கிறவர்களிடமிருந்து பிரித்துக் காட்டினால், அது பாதி வரலாறு மட்டுமில்லை, ஆபத்தும்கூட.

"அப்ப ஏழைகளை வேடிக்கை காட்டச் சொல்றியா?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஜீப்பில் ஏறும் பெண் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டுவதைவிட அரண்மனைத் தூணைப் படமெடுப்பதே மேல். நான் கேட்பது வேறு. பேசும் இடத்தில் அவளை உட்கார வையுங்கள். காய் பொறுக்கி ஓய்ந்த ஒருத்தி, ஜீப் ஓட்டிய ஒருவர், ஏலம் கூவிய ஒருவர், மூட்டை ஏற்றிய ஒருவர். ஆளுக்கு அரைமணி நேரம். பேசியதற்குக் கூலி, சால்வை இல்லை, பணமாக. நாம் கட்டும் கட்டணத்தில் முதல் பங்கு அவர்களுக்கு. நிகழ்ச்சியை ஒருங்கிணைப்பவர் வாயை மூடிக்கொண்டு குறிப்பு எடுக்கட்டும். கேமராவெல்லாம் பைக்குள் இருக்கட்டும்.

அரண்மனைக்கும் போவோம், கடைசியாக. அதற்குள் அந்தச் சுவரைக் கட்டிய காசு எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தெரிந்திருக்கும்.

அம்மாச்சியிடம் கேட்டுவிட்டேன், வந்து பேசுவாளா என்று. "என்னத்தடா பேச" என்றாள் முதலில். அப்புறம் அடுக்களையிலிருந்து ஒரு முறத்தில் ஏலக்காயைக் கொட்டிக்கொண்டு வந்தாள். கண்ணாடி இல்லாமலே விரல் மட்டும் ஓடியது. நல்லது ஒரு பக்கம், சொத்தை ஒரு பக்கம். "எத்தன பேரு வருவாக?" என்று கேட்டாள்.