நெட்டுன்னா என்ன? பர்மாவைக் கேளுங்கள்!

"நெட்டு தீந்து போச்சு சார்" என்கிறார் ஆட்டோக்காரர். அவருக்கு அது பெட்ரோல் மாதிரி. போட்டால் ஓடும், தீர்ந்தால் நிற்கும். காலேஜ் பையனுக்கு அது கிரிக்கெட்டும் சினிமாவும். பாட்டிக்கோ துபாயில் இருக்கும் பேரன் முகம். சாமான் ஒன்றுதான், அர்த்தம் ஆளுக்கு ஒன்று!

நாட்டுக்கு நாடும் இதே கதைதான். பின்லாந்தில் 2010 ஜூலை முதல் இன்டர்நெட் சட்டப்படி உரிமை. வினாடிக்கு 1 மெகாபிட் வேகத்திலாவது எல்லோருக்கும் கிடைத்தாக வேண்டும் என்று அப்போது விதித்தார்கள். நமக்குக் குழாய்த் தண்ணீர் எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி. (தண்ணீர் நமக்கு ஒழுங்காக வருகிறதா என்று கேட்காதீர்கள்!) எஸ்தோனியாவில் 2005 உள்ளாட்சித் தேர்தலிலேயே வீட்டில் இருந்தபடி இன்டர்நெட்டில் ஓட்டுப் போட்டார்கள். அவர்களுக்கு நெட்டு என்றால் சர்க்கார் ஆபீஸ்.

இதெல்லாம் கேட்க ஜோர். பர்மா கதை அப்படி இல்லை.

இன்று மியான்மர் எனப்படும் அந்த நாட்டில், ஒரு காலத்தில் சிம் கார்டு விலை ஆயிரம் டாலருக்கும் மேல். சாமான்யன் தொட முடியுமா? 2014-ல் வெளிநாட்டு கம்பெனிகள் நுழைந்தன. விலை ஒன்றரை டாலருக்கு வந்தது. ஜனம் முண்டியடித்து வாங்கியது. போன் கடைக்காரரே பேஸ்புக் கணக்கும் திறந்து கொடுத்தார். கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை, ஈ-மெயில் தெரியாது. கண்ணுக்குத் தெரிந்தது அந்த நீலக் கட்டம்தான். அதுதான் இன்டர்நெட் என்று நம்பினார்கள். பேஸ்புக்கும் இன்டர்நெட்டும் அங்கே பெரும்பாலோருக்கு ஒன்றுதான் என்று 2018-ல் ஐ.நா. விசாரணைக் குழுவே சொன்னது.

ஊரில் ஒரே ஒரு டீக்கடை இருந்தால் என்ன ஆகும்? அங்கே பேசுவதுதான் செய்தி. பொய் என்று சொல்ல அடுத்த கடை கிடையாது.

வதந்தியால் 2 பேர் பலி

2014 ஜூலையில் மாண்டலே நகரில் அதுதான் நடந்தது. வேலைக்காரப் பெண்ணை முஸ்லிம் முதலாளிகள் கெடுத்துவிட்டதாக பேஸ்புக்கில் வதந்தி. கலவரம் வெடித்தது. 2 பேர் பலி! காசு வாங்கிக்கொண்டு பொய்ப் புகார் கொடுத்ததாக அந்தப் பெண் ஒப்புக்கொண்டார் என்று பிறகு அரசே அறிவித்தது. போன உயிர் வருமா? 2017-ல் ராணுவத்துக்குப் பயந்து 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோகிங்கியா மக்கள் வங்காளதேசத்துக்கு ஓடினார்கள். அந்தக் கொடுமைக்கு முன்பு வெறுப்பைப் பரப்பியதிலும் பேஸ்புக்குக்குப் பங்கு உண்டு என்றது ஐ.நா. குழு.

"அது பர்மா, நமக்கென்ன?" என்கிறீர்களா? 2018 மே மாதம் போளூர் பக்கம் நடந்ததை மறக்க முடியுமா? சென்னையிலிருந்து சாமி கும்பிடப் போன குடும்பம். மூதாட்டி ஒருவர் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். "பிள்ளை பிடிக்கிறவங்க!" என்று கும்பல் அடித்தே கொன்றது. அதற்குக் கொஞ்ச நாள் முன்பிருந்தே அந்த வட்டாரத்தில் வாட்ஸ்அப்பில் வதந்தி சுற்றியது. "போன்ல வந்துச்சு" என்பதே சாட்சியாகிவிட்டது. அதே ஆண்டு ஜூலையில்தான், ஒரு தகவலை ஒரே நேரத்தில் 5 சாட்டுக்கு மேல் பார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கம்பெனி இந்தியாவில் கட்டுப்பாடு போட்டது.

சில வெப்சைட்டை மட்டும் ஓசியில் காட்டும் பேஸ்புக் திட்டம் நம் நாட்டுக்கும் வந்தது. 2016 பிப்ரவரி 8-ந் தேதி டிராய் உத்தரவு போட்டு வாசலை அடைத்தது. பேஷான வேலை! ஆனால் அதோடு தூங்கிவிட்டார்கள். புதுசாக போன் வாங்கும் பெரியவருக்கு, இது வாட்ஸ்அப், இதில் வருவதெல்லாம் நிஜமல்ல என்று யார் சொல்கிறார்கள்? கடைக்காரர் சொல்வதில்லை. கம்பெனியும் சொல்வதில்லை.

போலீசார் காலேஜ் காலேஜாக விழிப்புணர்வுக் கூட்டம் போடுகிறார்கள். காலேஜ் பையனுக்குத்தான் எல்லாம் தெரியுமே! ரேஷன் கடையிலும் மீன் மார்க்கெட்டிலும் போடுங்கள். ஒவ்வொரு ரீசார்ஜ் கடை வாசலிலும் தமிழில் ஒரு போர்டு வையுங்கள். வந்த தகவலை எங்கே விசாரிப்பது என்று அதில் எழுதுங்கள். பணம் பறிபோனால் கூப்பிட வேண்டிய 1930 நம்பரையும் பெரிசாகப் போடுங்கள். கட்-அவுட் வைக்க இடம் இருக்கிற ஊரில் இதற்கா இடம் இல்லை?