பழைய காருக்குக் கட்டணம் இரு மடங்கு! ஆடும் ஷாக்கை வீட்டிலேயே மாற்றலாமா?

20 வயது தாண்டிய கார்களுக்கு மறுபதிவுக் கட்டணம் 2025 ஆகஸ்டு மாதம் இரு மடங்கு ஆனது. அதற்கு முன் ரூ.5 ஆயிரம். அன்று முதல் ரூ.10 ஆயிரம்!

மத்திய அரசின் எண்ணம் வெளிப்படை. பழைய வண்டியைக் கழித்துவிட்டுப் புது வண்டி வாங்குங்கள் என்கிறது. பழைய வண்டிகளை உடைத்துப் போடும் திட்டத்தை 2021-ம் ஆண்டிலேயே அறிவித்தும் விட்டது.

ஆனால் தஞ்சாவூர், மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கம் போய்ப் பாருங்கள். கீற்றுக் கொட்டகைக்குள் ஒரு மாருதி 800 நிற்கும். பெரிய வீட்டு வாசலில் ஓர் அம்பாசிடர் நிற்கும். இரண்டின் உற்பத்தியும் 2014-ல் நின்றுவிட்டது. ஆனாலும் கலியாணத்துக்கு அதுதான். நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்குப் போவதும் அதில்தான்.

"டில்லி மாதிரி இங்கேயும் 15 வருஷ வண்டியைப் பிடுங்கிக் கொள்வார்களா?" என்று டீக்கடையில் கேட்கிறார்கள். அந்த வழக்கு தலைநகர் வட்டாரத்துக்கு மட்டும் உரியது. இங்கே சொந்தக் காருக்கு 15 ஆண்டு முடிந்ததும் சோதனை நடக்கும். தேறினால் 5 ஆண்டுக்குப் பதிவு நீளும்.

ரூ.10 ஆயிரத்தை 5 ஆண்டுக்குப் பங்கிட்டால் மாதம் ரூ.167 தான் வருகிறது. இதற்காகக் குடும்பக் காரைப் பழைய இரும்புக்குப் போட வேண்டியதில்லை. காரின் வயதைக் காலண்டர் மட்டும் சொல்லாது. அது ஓடிய பாதையும் சொல்லும்.

களிமண் செய்யும் வேலை

காவிரிப் படுகை மண் வண்டல் மண். பல இடங்களில் நல்ல களி. மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். அதன் மேல் போட்ட தார் ரோடும் கூடவே ஏறி இறங்கும். வாய்க்கால் கரையை ஒட்டிய ரோடுகளில் கரை பக்கம் சரிந்து, ஒரு சக்கரம் எப்போதும் பள்ளத்திலேயே ஓடும். அறுவடைக் காலத்தில் நெல் லாரிகளும் அறுவடை எந்திரங்களும் அதே ரோட்டில்தான் போகின்றன.

இத்தனை அடியையும் வாங்குவது யார்? ஷாக் அப்சார்பர்!

காரைத் தாங்குவது ஸ்பிரிங். அதை அமுக்கி விட்டால் தொட்டில் போல ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. ஷாக் என்பது எண்ணெய் நிறைந்த ஒரு குழாய். உள்ளே ஒரு தண்டு மேலும் கீழும் போகும்போது, எண்ணெய் சிறு துவாரங்கள் வழியாகத்தான் நகர முடியும். மதகைத் தாழ்த்தினால் வாய்க்கால் தண்ணீர் எப்படி மெல்லப் போகிறதோ, அப்படி. ஆட்டத்தின் வேகம் அங்கே செத்துப் போகிறது.

எண்ணெய் கசிந்துவிட்டால் அடக்க ஆள் இல்லை. சக்கரம் ரோட்டை விட்டு எழும்பி எழும்பி விழும். எழும்பிய நேரத்தில் பிரேக் போட்டு என்ன பயன்? கார் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டித்தான் நிற்கும். குழந்தைகள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் ரோடு அது!

சோதனை எளிது. காரின் ஒரு மூலையைப் பலமாக அமுக்கி விடுங்கள். எழும்பி, ஓர் ஆட்டத்தில் அடங்கினால் பெரும்பாலும் கவலை இல்லை. மூன்று, நான்கு முறை ஆடினால் ஷாக் போய்விட்டது. குழாய் மேல் எண்ணெய்ப் பிசுக்கு, திட்டுத் திட்டாகத் தேய்ந்த டயர், பிரேக் போட்டால் மூக்கைக் குத்தும் வண்டி, இவையும் அடையாளங்கள்.

நாமே மாற்றலாமா?

சிலவற்றை மாற்றலாம். சிலவற்றைத் தொடக்கூடாது.

அம்பாசிடரின் பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். ஷாக் அதற்குத் தனியாக நிற்கிறது. பழகிய கை, ஸ்பானரை வைத்துக்கொண்டு கழற்றி மாட்டிவிடும். துருப்பிடித்த நட்டுக்கு முதல் நாள் இரவே துரு நீக்கும் எண்ணெய் விட்டு வைக்க வேண்டும். வேதாரண்யம், நாகப்பட்டினம் உப்புக் காற்றில் ஓடிய வண்டியானால் இரண்டு இரவு விடுங்கள்! ரப்பர் புஷ் உள்ள போல்ட்டை, காரின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகே கடைசி முறுக்கு முறுக்க வேண்டும். தூக்கி வைத்தபடி முறுக்கினால் ரப்பர் சீக்கிரம் கிழியும்.

ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் யாரும் போகக்கூடாது. ஈரக் களிமண்ணில் ஜாக்கி புதைந்து சாயும். செங்கல் அடுக்கும் உதவாது, நொறுங்கிவிடும். சமமான சிமெண்டுத் தரையும், இரும்பு ஸ்டாண்டும் வேண்டும். நெல் காயவைக்கும் சிமெண்டுக் களம் இதற்கு நல்ல இடம். ஆனால் குறுவை அறுவடைச் சமயத்தில் களத்தில் காரை நிறுத்தினால் வீட்டுப் பெரியவர்கள் சும்மா விடுவார்களா?

மாருதி 800-ன் முன்பக்கம் வேறு விதம். அங்கே ஷாக்கும் அதைச் சுற்றிய சுருள் ஸ்பிரிங்கும் ஒரே கட்டு. அதற்கு ஸ்டிரட் என்று பெயர். மெக்பெர்சன் என்ற அமெரிக்க எஞ்சினியர் 1940-களில் வகுத்த முறை இது. இங்கிலாந்தில் 1950-ல் வந்த போர்டு கன்சல் காரில் இது இருந்தது. இடமும் செலவும் குறைவு என்பதால் உலகத்தின் சிறிய கார்களெல்லாம் இதையே பிடித்துக்கொண்டன.

ஆபத்து இங்கேதான். ஸ்பிரிங் அமுங்கிய நிலையில் உள்ளே அடைபட்டிருக்கிறது. மேலே நடுவில் இருக்கும் ஒரு நட்டுதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. ஸ்பிரிங்கைக் கருவியால் இறுக்காமல் அந்த நட்டைக் கழற்றினால், ஸ்பிரிங் சீறிப் பாயும். முகத்தில் பட்டால் உயிருக்கே ஆபத்து.

ஆகவே ஒரு நடுவழி. சுற்றியுள்ள நட்டுகளை மட்டும் கழற்றி, ஸ்டிரட்டை ஸ்பிரிங்கோடு முழுசாக இறக்குங்கள். நடு நட்டைத் தொடவே வேண்டாம். பிரேக் குழாயை முதலில் ஸ்டிரட்டிலிருந்து விடுவித்துவிட வேண்டும், அதில் பாரம் தொங்கக் கூடாது. இறக்கியதைப் பட்டறைக்குக் கொண்டு போனால், மெக்கானிக் தகுந்த கருவியால் இறுக்கிப் புதிய ஷாக்கை மாட்டித் தருவார். அந்தக் கூலியில் கஞ்சத்தனம் வேண்டாம்.

இன்னொன்று. ஒரு பக்கம் போயிருந்தாலும் இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

செலவில் ஒரு சலுகையும் கிடைத்திருக்கிறது. மோட்டார் உதிரிப் பாகங்களுக்கு இருந்த 28 சதவீத ஜி.எஸ்.டி. வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம் ஆகிவிட்டது. ரூ.2 ஆயிரம் அடக்கவிலை உள்ள பொருளுக்கு ரூ.200 மிச்சம். ஒரு கையால் கட்டணத்தை ஏற்றிய அரசு, மறு கையால் ரிப்பேர் செலவைக் குறைத்திருப்பது வேடிக்கைதான்! பில் இல்லாமல், பெயர் இல்லாத டப்பாவில் வரும் ஷாக்கை வாங்க இனி என்ன அவசியம்? ஓசூரிலேயே ஷாக் செய்யும் பெரிய ஆலை இருக்கிறது.

ஸ்டிரட் மாற்றிய காரில் சக்கரத்தின் சாய்வு மாறியிருக்கும். தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ வீல் அலைன்மெண்ட் பார்த்துவிட வேண்டும். அதுவரை மெதுவாக ஓட்டிப் போங்கள்.