இரும்பில் இருக்கும் பெயர்



வன்னியிலிருந்து கண்டிக்கு வந்திருந்த சகோதரிகள் சிலருடன் ஹந்தானை தேயிலை அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். நகரிலிருந்து சுமார் மூன்று மைல் மலையேற வேண்டும். 1925இல் கட்டப்பட்டு, பின்பு வேலையின்றி மூடிக்கிடந்த நான்கு மாடித் தேயிலைத் தொழிற்சாலைதான் 2001இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

கீழ்த்தளத்தில் பழைய இயந்திரங்கள் நிற்கின்றன. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அன்று கொழுந்தை விறாந்தையில் மேசைமேல் போட்டுக் கையால்தான் உருட்டினார்கள். பிறகு ரோலர் இயந்திரம் வந்தது. வில்லியம் ஜாக்சன் வடிவமைத்த ரோலர்களைச் செய்து அனுப்பியது மார்ஷல் கம்பனி. அது இங்கிலாந்தில் திரென்ட் ஆற்றங்கரையிலுள்ள கெயின்ஸ்பரோ என்ற ஊரில் 1848இல் தொடங்கியது. அந்த ஆலையும் பிற்காலத்தில் மூடப்பட்டது. அதன் பழைய கட்டடங்கள் 2007இல் கடைத்தொகுதியாயின. ஆனாலும் அவர்கள் செய்த இயந்திரங்களில் கம்பனியின் பெயரும் ஊரின் பெயரும் இரும்பிலே இருக்கின்றன.

இதைச் சொன்னபோது ஒரு சகோதரி மெல்லக் கேட்டார்: "என்ர அம்மம்மா கலஹாப் பக்கத் தோட்டத்தில கொழுந்து எடுத்தவ. 77 கலவரத்தோட வவுனியாவுக்குப் போனவையாம். இரும்பு செய்த ஊருக்குப் பேர் இருக்கு. கொழுந்து எடுத்த ஆளின்ர பேர் எங்க இருக்கு?"

எங்களில் ஒருவருக்கும் பதில் வரவில்லை. 2009இல் இடம்பெயர்ந்தபோது அம்மம்மாவின் ஒரே படமும் பத்திரங்களும் போய்விட்டன என்றார். வெளியே படிக்கட்டில் உட்கார்ந்தோம். என்னிடமிருந்த கொப்பியைக் கொடுத்தேன். பெயர், தோட்டம், வெளியேறிய ஆண்டு, பிள்ளைகளின் பெயர்கள் என்று அவரே எழுதினார். பின்பு மற்றவர்களும் கொப்பியைக் கேட்டு வாங்கினார்கள். ஒருவர் எழுதத் தெரியாது என்றார். அவர் சொல்லச் சொல்ல அந்தச் சகோதரியே எழுதிக் கொடுத்தார்.

சகோதரிகளே, 1977இலும் 1983இலும் மலையகத்தை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்கள் எத்தனையோ. அந்தக் கதை தெரிந்த முதியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். இந்த வாரமே அவர்களருகில் உட்கார்ந்து கேளுங்கள். ஒரு கொப்பியில் எழுதி, இன்னொரு பிரதியை உறவினர் வீட்டில் வையுங்கள். தொலைந்த பிறப்பு, விவாக, இறப்புச் சான்றிதழ்களின் பிரதிகளுக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். எழுதி வைத்த பெயரும் ஊரும் ஆண்டும் அங்கே தேடுவதற்கு உதவும்.

நம் பெண்களின் பெயரை இரும்பில் வார்க்க யாரும் வரவில்லை. கொப்பியில் நாமே எழுதுவோம்.

அடுத்த மாதம் சந்திப்போம்.