கணக்குப் போட்டவர் வீட்டுக்கு, கேள்வி அப்படியே

வானூர், மரக்காணம் சொந்தங்களே, சப்யசாச்சி தாஸைத் தெரியுமா? அசோகா பல்கலைக்கழகப் பொருளாதார ஆசிரியர். 2019 மக்களவைத் தேர்தலில் இழுபறித் தொகுதிகளில் பாஜக வெற்றி வழக்கத்துக்கு மாறா அதிகம்னு 2023-ல் ஆய்வுக் கட்டுரை எழுதினார். காசு சுண்டினா தலையும் பூவும் ஏறக்குறைய சமமா விழணும்ல, அந்தக் கணக்குதான்! பல்கலைக்கழகம் கைகழுவியது. ஆகஸ்டில் ராஜினாமா. அப்புறம் உளவுத்துறை வளாகத்துக்கே வந்தது. ஒரு கட்டுரைக்கு இவ்வளவு பதற்றமா?

ஆனா, இதை மோசடிக்கு ஆதாரம்னு அவரே சொல்லல. நாமும் அப்படி ஃபார்வர்டு பண்ண வேண்டாம், அது வேற சிலரோட வேலை. உப்பு மூட்டையையே எண்ணி வாங்குற ஊர் நம்ம ஊர். வாக்குப்பதிவு முடிஞ்சதும் நம்ம பூத் ஏஜெண்ட் 17சி படிவ நகல் இல்லாம வெளிய வரக்கூடாது.