சொல்லுக்குக் கிடைத்த இடம் சட்டிக்கும் கிடைக்க வேண்டும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன வாரம் பறை பற்றி எழுதியதற்குக் கீழே இரண்டு மூன்று பேர், “சார், தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் பாட்டெல்லாம் கேட்டிருக்கீங்களா? உங்க கருத்து என்ன?” என்று கேட்டிருந்தார்கள். கேட்டிருக்கிறேன். அவர்களுடைய முதல் ஆல்பமான ‘மகிழ்ச்சி’யை இந்த வாரம் மறுபடியும் உட்கார்ந்து கேட்டேன். அந்த நாட்களில் தனித்தனியாக யூடியூபில் வந்த பாட்டுகளையும் சேர்த்தே இங்கே பேசுகிறேன். எனக்கு முறையான சங்கீதப் பயிற்சி கிடையாது. ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு, முப்பது வருடத்துக்கு மேல் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டும் பாடமும் சொல்லிக் கொடுத்தவன், அவ்வளவுதான்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு இது. 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சி. மேடையில் 19 பேர். கானா பாடுகிறவர்கள், ராப் பாடுகிறவர்கள், பறை, சட்டி, கட்டமோளம், டோலக் அடிக்கிறவர்கள், கூடவே கிட்டாரும் டிரம்ஸும். பெயர் அயோத்திதாசப் பண்டிதரிடமிருந்து வந்தது. 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கிய அவர், ‘சாதிபேதமற்ற தமிழர்’ என்ற சொல்லை முன்வைத்தவர். இவ்வளவு நல்ல தமிழ்ச் சொல் கையில் இருக்கும்போது எதற்கு ஆங்கிலப் பெயர் என்று எனக்கு ஒரு சின்ன வருத்தம் உண்டு. அது பெரிய குறை இல்லை. வெளியூர், வெளிநாடு போக வேண்டும் என்று நினைத்திருப்பார்கள்.

முதலில் நிறைகளைச் சொல்கிறேன்.

ஒன்று, பாடுவது யார் என்பது. நாட்டுப்புற மெட்டு சினிமாவுக்குப் புதிதில்லை. 1976இல் ‘அன்னக்கிளி’ வந்தபோது தமிழ்நாடே அந்த மெட்டுகளைத் திரும்பிப் பார்த்தது. ஆனால் பாடியது பயிற்சி பெற்ற பின்னணிக் குரல். கானாவையும் சினிமா ரொம்ப நாளாகவே எடுத்துக்கொண்டுதான் இருந்தது. தேவாவின் இசையில் கேட்டோம், 2006இல் ‘சித்திரம் பேசுதடி’யில் கானா உலகநாதனே வந்து பாடினார், 2012இல் ‘அட்டகத்தி’யில் கானா பாலா பாடினார். இருந்தாலும் படத்தில் ஒரு பாட்டுக்குத்தான் அவர்களுக்கு இடம். கதாநாயகன் ஆடி முடித்ததும் அவர்கள் வேலை முடிந்துவிடும். இந்தக் குழுவில் கானா பாடுகிறவர் கடைசிவரை மேடையில் நிற்கிறார். என்ன பாடுவது என்பதை அவர்களே தீர்மானிக்கிறார்கள். கதைக்கு ஏற்றபடி வரியை மாற்றச் சொல்ல யாரும் இல்லை.

இரண்டு, சொற்கள். இடஒதுக்கீட்டைப் பற்றி இவர்கள் பாடிய ‘கோட்டா’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர்கள் அறையிலேயே இந்தப் பேச்சு எத்தனை முறை வந்திருக்கிறது! “இவனுக்கு கோட்டாவில் கிடைச்சிடும் சார்” என்று பையனை வைத்துக்கொண்டே சொல்வார்கள். பையன் தலையைக் குனிந்துகொள்வான். அவனுக்குப் பதில் தெரியாது. தெரிந்தாலும் வாத்தியாரிடம் சொல்ல முடியுமா? அந்தப் பதிலைத் தாளத்தோடு, கேலியோடு, பயம் இல்லாமல் சொல்கிற பாட்டு இது. சமூக அறிவியல் புத்தகத்தில் நாலு பக்கம் படித்தும் மனதில் நிற்காதது இங்கே நாலு நிமிடத்தில் நிற்கிறது. அரக்கோணத்துப் பிள்ளையான அறிவு ராப் பாடும்போது எதுகையும் மோனையும் விழுகிற விதத்தை, எட்டாம் வகுப்பில் யாப்பு நடத்துகிற தமிழாசிரியர்கள் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். பிள்ளைகளுக்குச் சுலபமாகப் புரியும்.

மூன்று, அந்தத் தலைப்பு. 2016இல் ‘கபாலி’யில் ரஜினி சொல்லி ஊரெல்லாம் பரவிய ஒரே சொல், ‘மகிழ்ச்சி’. ஒடுக்கப்பட்டவர்களைப் பற்றிய பாட்டு என்றாலே அழுகை என்று நாம் முடிவு கட்டி வைத்திருக்கிறோம். இவர்கள் அழவில்லை. கோட்டு சூட்டு போட்டு நின்று, சிரித்துக்கொண்டே பாடுகிறார்கள். கேட்கிற பிள்ளைக்கு அதுவே பெரிய தெம்பு.

நான்கு, கருவிகள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பல வருடங்களுக்கு முன்பு நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், ஆண்டு விழாவுக்கு நாலு பையன்கள் பறையடித்து ஆட ஆசைப்பட்டார்கள். வீட்டில் அப்பா, தாத்தா எல்லாம் அடிக்கிறவர்கள். பிள்ளைகளுக்குத் தனியாகக் கற்றுக்கொடுக்கத் தேவையே இல்லை. “விழா நாள்ல சாவு மேளம் எதுக்கு சார்?” என்று கூட்டத்தில் ஒரு குரல் வந்தது. பேச்சு அதோடு முடிந்தது. கடைசியில் அந்த நாலு பேரும் ஒரு சினிமாப் பாட்டுக்கு ஆடினார்கள். அந்தப் பாட்டில் முழுக்க முழுக்க ஒலித்தது பறைதான். எல்லாரும் கைதட்டினார்கள். ஸ்பீக்கரில் வந்ததால் யாருக்கும் அது சாவு மேளமாகத் தெரியவில்லை.

தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருளைச் சொல்லும்போது தெய்வத்தோடும் உணவோடும் பறையையும் சேர்த்தே சொல்கிறது. இதைப் பயிற்சியில் படித்துவிட்டு வந்து, அதே பறையை வாசலோடு நிறுத்துகிறோம். அப்படி நிறுத்தப்பட்ட பறையையும், சென்னையில் இறுதி ஊர்வலத்தோடு மட்டும் சேர்த்துப் பார்க்கப்பட்ட சட்டியையும் இந்தக் குழு மேடைக்குக் கொண்டுவந்தது. அடிக்கிறவர்களின் பெயரையும் சொன்னது. இதற்காக மட்டுமே இவர்களை எழுந்து நின்று வணங்கலாம்.

இனி குறைகள். பாராட்டிவிட்டுப் போனால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். நல்ல மாணவனின் நோட்டில்தான் சிவப்பு மையால் அதிகம் எழுதத் தோன்றும்.

என் முதல் குறை, இப்போது சொன்ன அந்தக் கருவிகளைப் பற்றியதுதான். மேடைக்கு வந்துவிட்டன. ஆனால் ஒலிப்பதிவில் அவற்றுக்குப் போதுமான இடம் கிடைத்ததா? என் காதுக்குக் கிடைக்கவில்லை. பறை அடிப்பதைப் பக்கத்தில் நின்று கேட்டவர்களுக்குத் தெரியும். ஒரு கையில் கட்டையான அடிகுச்சி, இன்னொரு கையில் நீளமான மெல்லிய சுண்டுகுச்சி. அடிகுச்சி அடியைப் போடும், சுண்டுகுச்சி அதற்கு நடுவில் படபடவென்று பேசும். தோலை நெருப்பில் காய்ச்சி முறுக்கேற்றுவதே அந்தப் பேச்சு தெளிவாகக் கேட்கத்தான். இதன்மேல் டிரம்ஸின் தட்டோசை விழுந்தால் சுண்டுகுச்சி காணாமல் போய்விடும். பேஸ் கிட்டார் ஏறினால் அடிகுச்சியும் அமுங்கிவிடும். பல இடங்களில் பறை பாட்டை நடத்திச் செல்வதுபோல் இல்லை, ராக் பாட்டுக்குத் துணையாக வந்ததுபோல் இருக்கிறது. எல்லாரும் சமம் என்று பாடுகிற பாட்டில் கருவிகளும் சமமாகக் கேட்க வேண்டாமா?

இங்கே நம்ம கே.ஏ. குணசேகரனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. சிவகங்கைச் சீமையில் பிறந்து, நம் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகத் துறைப் பேராசிரியராக இருந்து, 2016 ஜனவரியில் மறைந்தவர். இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’வை மேடை மேடையாகக் கொண்டுபோனவர். அவர் பாடும்போது ஒரு குரல், ஒரு தோல் கருவி, அவ்வளவே போதும். நடுவில் ஒரு நொடி நிறுத்துவார். அந்த அமைதியில் கூட்டம் மூச்சுவிடாமல் நிற்கும். ‘மகிழ்ச்சி’யில் நான் தேடிக் கிடைக்காதது அந்த ஒரு நொடி அமைதி. எல்லாரும் எப்போதும் வாசித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

இரண்டாவது குறையும் இதோடு ஒட்டியது. கானா பிறந்து வளர்ந்த இடங்களில் முக்கியமானது சாவு வீடு. விடிய விடிய இறந்தவரைப் பற்றி, அவர் நல்லது கெட்டதைப் பற்றி, மனித வாழ்க்கையைப் பற்றி இழுத்து இழுத்துப் பாடுகிற பாட்டு அது. அந்த நிதானம் இங்கே குறைவு. வேகம் கூடக்கூட உற்சாகம் வருகிறது, உண்மைதான். ஆனால் துக்கத்தை மெதுவாகச் சொல்லத் தெரிந்த கலை அது. சிரிப்போடு அந்தத் துக்கமும் கொஞ்சம் இருந்திருந்தால் மகிழ்ச்சி இன்னும் எடை கூடியிருக்கும்.

மூன்றாவது, முழக்கம். சில பாட்டுகளில் கருத்தைத் தலைப்பாகச் சொல்லிவிட்டு, அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். கூட்டத்தில் கையை உயர்த்திக் கத்துவதற்கு அது சரி. வீட்டில் தனியாகக் கேட்கும்போது, ஒரு தெரு, ஒரு ஆள், ஒரு சம்பவம் வந்தால்தான் மனம் ஒட்டும். வடசென்னையைப் பற்றிப் பாடும்போது இவர்களுக்கு அது இயல்பாக வருகிறது. தங்கள் தெருவை ரவுடிக் கூடாரமாக மட்டுமே காட்டியவர்களுக்கு அங்கே வாழும் மனிதர்களைக் காட்டுகிறார்கள். அதை இன்னும் நிறையச் செய்திருக்கலாம்.

நான்காவது, பெண்கள். தொடங்கும்போது 19 பேரில் பெண் ஒரே ஒருவர், இசைவாணி. ஆண்கள் மட்டுமே பாடிய கானாவுக்குள் தைரியமாக வந்தவர். 2020இல் பிபிசி வெளியிட்ட உலகின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. அவர் குரலுக்கு நான் பெரிய விசிறி. ஆனால் நாட்டுப்புறப் பாட்டில் பாதிக்கு மேல் பெண்களுடையது. தாலாட்டு, நடவு, கும்மி, ஒப்பாரி எல்லாம் அவர்கள் சொத்து. பாரதியார் நம் புதுவையில் இருந்தபோது எழுதிய ‘குயில் பாட்டி’லேயே, தன் நெஞ்சைப் பறிகொடுத்த பாட்டுகள் எவை என்று ஒரு பட்டியல் வரும். ஏற்றப்பாட்டோடு, நெல் குத்தும் பெண்களும் சுண்ணாம்பு இடிக்கும் பெண்களும் கும்மியடிக்கும் பெண்களும் அதில் இருப்பார்கள். அந்தப் பக்கம் முழுவதும் ‘மகிழ்ச்சி’யில் திறக்கப்படாமலே இருக்கிறது. 2021இல் ‘எஞ்சாய் எஞ்சாமி’யில் அறிவு தன் பாட்டி வள்ளியம்மாளைக் கொண்டுவந்து, ஒப்பாரியின் சாயலையும் சேர்த்தபோது உலகமே கேட்டது. அந்தப் பாதை சரியான பாதைதான் என்பதற்கு அதுவே சாட்சி.

மொத்தத்தில் என்ன சொல்கிறேன்? இந்த ஆல்பம் சொன்ன சொல் நூற்றுக்கு நூறு. அந்தச் சொல்லைச் சுமந்து வந்த மேளத்துக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டிருக்க வேண்டும். முதல் ஆல்பத்தில் இது நடப்பதுதான். நிறைய நாள் வாய் மூடி இருந்தவர்கள் பேச ஆரம்பித்தால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடத் தோன்றும்.

இதை ஏதோ சென்னைக்காரர்கள் விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். நம் உப்பளத்திலும் சுற்றுப்பக்கத்துத் தெருக்களிலும் மேளம் அடிக்கத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். சாவுக்குக் கூப்பிடுகிறோம், காசு கொடுத்து அனுப்பிவிடுகிறோம். ஒவ்வொரு ஜூன் 21ஆம் தேதியும் பிரெஞ்சுக்காரர்கள் வழியில் ஊரில் இசைத் திருவிழா நடக்கிறது. கிட்டார் பிள்ளைகள் தெருவில் நின்று வாசிக்கிறார்கள், நாமும் நின்று கேட்கிறோம். அதே கடற்கரைச் சாலையில் நம் தெருப் பையன்கள் அரை மணி நேரம் பறையும் சட்டியும் மட்டும் அடிக்கட்டும். மைக்கில் அவர்கள் பெயரைச் சொல்லட்டும். ஏற்பாடு செய்கிற இடத்தில் இருக்கிற என் பழைய மாணவர்கள் இதைக் கொஞ்சம் யோசியுங்கள். பள்ளிகளில் இருக்கிற இளைய ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை: ஆண்டு விழாவில் எந்தப் பிள்ளையாவது பறை அடிக்கிறேன் என்று வந்தால், தயவுசெய்து முதல் நிகழ்ச்சியாகப் போடுங்கள்.

கேட்காதவர்கள் ‘கோட்டா’வில் தொடங்குங்கள். முதல் தடவை சொல்லைக் கேளுங்கள். இரண்டாம் தடவை நல்ல ஹெட்போன் போட்டுக்கொண்டு சுண்டுகுச்சி எங்கே கேட்கிறது என்று தேடுங்கள். உங்களுக்குத் தெளிவாகக் கேட்டால் எந்தப் பாட்டில், எந்த இடத்தில் என்று கீழே எழுதுங்கள். நானும் அங்கே போய்க் கேட்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார், உப்பளம்.